காற்றைக் கட்டிய கலை

துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் கைப்பம்பை அறியாதார் இலர். சில மாதங்கள் மூலையிலே கிடந்த பம்பை எடுத்து அடித்தால், அதன் பிடி இலகுவாக மேலும் கீழும் போய்வரும். காற்று மாத்திரம் சில்லுக்குள் ஏறாது. வண்டி திருத்துபவர் அதைக் கழற்றி, தண்டின் நுனியிலே கிண்ணம் போல அமைந்திருக்கும் தோல் வாசரை வெளியே எடுப்பார். இரு துளி எண்ணெய் விட்டு விரல்களாற் பிசைந்து, அதன் விளிம்பைச் சற்றே விரித்து மீண்டும் பூட்டுவார். பம்பு உயிர்பெற்றுவிடும். குழாயிலும் பழுதில்லை, தண்டிலும் பழுதில்லை. இரண்டுக்கும் இடையே நின்ற தோல் காய்ந்து சுருங்கியதே குற்றம்.

புகையிரதத்தை நிறுத்துவதும், மலையைக் குடைவதும், தொழிற்சாலைகளிலே பாரங்களைத் தள்ளுவதும் இத்தகைய உருளைகளே. சிலிண்டர் எனப் பட்டறைகளில் வழங்கும் உருளையும், பிஸ்டன் என வழங்கும் முசலமும் சேர்ந்து காற்றின் அமுக்கத்தைக் கைவலிமை போல ஆக்கித் தருகின்றன. உருளையை ஆக்கியோரின் பெயர்களை வரலாறு விரிவாகக் கூறும். அதனைக் கழற்றித் துடைத்து, தோல் மாற்றி, மீண்டும் வேலைக்கு அனுப்பியோரின் பெயர்களைப் பெரும்பாலும் கூறுவதில்லை. ஆயினும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், முன்னவர் செய்த வேலை பயன் தந்தது பின்னவரின் கவனத்தினாலேயே என்பது புலனாகும்.

இவ்வரலாறு ஒரு கசிவுடனேயே தொடங்குகின்றது. ஜேர்மன் தேசத்திலுள்ள மக்டெபேர்க் நகரின் முதல்வர்களுள் ஒருவராக விளங்கியவர் ஒற்றோ வொன் கெரிக். வெற்றிடம் என ஒன்று உண்டா, இல்லையா என அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்திலே, வாதத்தை விடுத்து அதனை உண்டாக்கிக் காட்ட முனைந்தார் அவர். மரப் பீப்பாய் ஒன்றில் நீரை நிரப்பி, தீயணைக்கும் பித்தளைப் பம்பினால் அந்நீரை வெளியே இழுத்தார். நீர் வெளியேறியது, ஆனால் மரத்தின் நுண்துளைகளூடாகக் காற்று இரைந்துகொண்டு உள்ளே புகுந்தது. பின்னர் செம்புக் கோளமொன்றை எடுத்துக் காற்றை இழுத்தார். அக்கோளம் பெரும் ஓசையுடன் நசுங்கிப்போயிற்று. அதன் பின்னரே உறுதியான கோளங்களை ஆக்கினார். 1657ஆம் ஆண்டில் மக்டெபேர்க்கிலே இரு அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளேயிருந்த காற்றை அகற்றி, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்த காட்சி உலகறிந்தது. அவ்விரு கிண்ணங்களின் விளிம்புகளுக்கு இடையே மெழுகும் தேர்ப்பந்தைலமும் கலந்து ஊறவைத்த தோல் வளையமொன்று இருந்தது என்பதைப் பலர் அறியார். அவ்வளையம் கசிந்திருப்பின் குதிரைகளுக்கு அங்கே வேலை இருந்திராது.

கெரிக்கின் செய்தி இங்கிலாந்தை எட்டியது. 1659ஆம் ஆண்டளவில் றொபேட் பொயிலுக்காக றொபேட் ஹூக் திருந்திய காற்றுப் பம்பொன்றை ஆக்கினார். அதன் உருளை பித்தளையாலானது. முசலத்தின் மேலே பதனிட்ட சப்பாத்துத் தோல் பொருத்தப்பட்டிருந்தது. உண்ணும் எண்ணெயை மேலே ஊற்றி அத்தோலை ஈரமாக வைத்தனர். காற்றின் அமுக்கத்துக்கும் கனவளவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய விதி இன்றும் பொயிலின் பெயராலே பாடசாலைகளிற் கற்பிக்கப்படுகின்றது. அவரது ஆய்வுகளுக்கு அடிகோலிய பம்பு சப்பாத்துத் தோலையும் சமையலறை எண்ணெயையும் நம்பியே இயங்கிற்று.

அடுத்த நூற்றாண்டிலே உருளை பெருத்தது. 1712ஆம் ஆண்டில் தோமஸ் நியூகொமன் என்பவர் டட்லிக்கு அருகே நிலக்கரிச் சுரங்கத்து நீரை இறைப்பதற்கு ஓர் எந்திரத்தை நிறுவினார். அதன் உருளையின் விட்டம் 21 அங்குலம். நீராவி எந்திரம் என்று அதனை நாம் சொன்னபோதிலும், முசலத்தைக் கீழே தள்ளியது வளிமண்டலத்தின் அமுக்கமே. உருளையினுள்ளே நீராவியைக் குளிர்வித்து வெற்றிடத்தை உண்டாக்க, மேலிருந்த காற்று முசலத்தை அழுத்திற்று. அக்காலத்திலே உருளையின் உட்சுவரைச் சீராக வட்டமாக்க வல்லார் எவருமில்லை. ஆகவே நியூகொமன் முசலத்தின் மேலே தோலை வைத்து, அதன்மேல் நீரைத் தேக்கினார். சுவரின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பத் தோல் வளைந்து கொடுத்தது. எஞ்சிய இடைவெளியை நீர் அடைத்தது.

பின்னர் ஸ்கொத்லாந்திலுள்ள கரன் இரும்பாலைக்காக ஜோன் சிமீற்றன் என்னும் பொறியியலாளர் காற்றூதும் பெரிய உருளைகளை அமைத்தார். உலைக்குக் காற்றூதத் தோற்றுருத்தி பயன்பட்ட இடத்திலே வார்ப்பிரும்பு உருளை வந்து அமர்ந்தது. ஆயினும் உருளையைக் குடையும் கருவி ஒருமுனையில் மாத்திரம் தாங்கப்பட்டமையால், அது தன் பாரத்தாலே தாழ்ந்து, வார்ப்பிலிருந்த கோணலையே பின்பற்றிச் சென்றது. இக்குறையை நீக்கியவர் ஜோன் வில்கின்சன். குடையும் தண்டை உருளைக்கூடாகச் செலுத்தி, அதன் இரு முனைகளையும் தாங்கி நிற்கச் செய்தார். இது நிகழ்ந்தது 1775ஆம் ஆண்டளவிலாகும். ஜேம்ஸ் வாட் 1769ஆம் ஆண்டிலேயே தமது எந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தும், கசியாத உருளை கிடையாமையால் ஆண்டுக்கணக்காக இடர்ப்பட்டார். வில்கின்சன் குடைந்து கொடுத்த 50 அங்குல உருளையிலே பழைய சில்லிங் நாணயத்தின் தடிப்பளவு பிழைகூட இல்லையென வாட்டின் பங்காளியான மத்தியூ போல்ட்டன் வியந்து எழுதினார். வாட்டின் முதலெந்திரங்களுள் ஒன்று 1776ஆம் ஆண்டில் வில்கின்சனுடைய உலைக்கே காற்றூதுவதற்கு அமைந்தது. இரும்பு உருளையைத் தந்தது. உருளை ஊதிய காற்று மேலும் இரும்பைத் தந்தது.

சுவர் சீராகிவிட்டது. இனி, சுவருக்கும் முசலத்துக்கும் இடையே நிற்கும் அடைப்பு எத்தகையதாதல் வேண்டும்? இதற்கு அழகிய விடை 1795ஆம் ஆண்டிலே யோசப் பிரமா உரிமைப் பத்திரம் பெற்ற நீரமுக்கப் பொறியிலிருந்து வந்தது. அவரது பட்டறையிலே பணியாற்றிய ஹென்றி மோட்ஸ்லே என்பவரே அவ்வடைப்பை வகுத்தவர் என்பர். தோலைக் கிண்ண வடிவாக வளைத்து, அதன் வாயை அமுக்கம் வரும் பக்கத்தை நோக்கி வைத்தால், அமுக்கம் கிண்ணத்தினுள்ளே புகுந்து விளிம்பைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். அமுக்கம் மிக மிக அடைப்பும் இறுகும். அமுக்கம் நீங்கியதும் விளிம்பு தளர்ந்து முசலத்தை இலகுவாக அசையவிடும். கசிவை உண்டாக்கும் விசையையே கசிவைத் தடுக்கும் காவலாக நிறுத்திய நுட்பம் இது. நீருக்கென அமைந்த இக்கிண்ணத் தோல் பின்னர் காற்றுருளைகளுக்கும் பொதுவாயிற்று. துவிச்சக்கர வண்டிப் பம்பிலுள்ள வாசரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அமுக்கிய காற்று மலைகளைக் குடையப் புறப்பட்டது. பிரான்சையும் இத்தாலியையும் இணைப்பதற்கு அல்ப்ஸ் மலையினூடாக ஏறக்குறைய 12 கிலோமீற்றர் நீளமான மொன் செனிச் சுரங்கத்தை வெட்டும் பணி 1857ஆம் ஆண்டிலே தொடங்கியது. 1861ஆம் ஆண்டுமுதல் ஜேர்மான் சொமெலியே என்பவரின் காற்றுத் துளைபொறிகள் அங்கே இயங்கின. 1870ஆம் ஆண்டு டிசெம்பரிலே இருபுறத்துத் தொழிலாளரும் மலையின் வயிற்றிலே சந்தித்தனர். இப்பணியைப் பற்றிய கட்டுரையொன்றை வாசித்ததனாலேயே, அமெரிக்க இளைஞர் ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுசுக்குப் புகையிரதங்களைக் காற்றினால் நிறுத்தலாமே என்ற எண்ணம் உதித்தது என்று கூறுவர். 1869ஆம் ஆண்டிலே, தமது 22ஆவது வயதிலே, அவர் காற்றுத் தடுப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார்.

அவருடைய முதலமைப்பு எளியது. எந்திரத்திலிருந்து குழாய் வழியாகக் காற்று ஒவ்வொரு பெட்டியின் அடியிலுமுள்ள உருளைக்குச் செல்லும். முசலம் நகர்ந்து கட்டைகளைச் சில்லுகளோடு சேர்த்து அழுத்தும். ஆனால் குழாய் அறுந்தாற் காற்று வெளியேறிவிடும். தடுப்பு வேண்டிய வேளையிலே தடுப்பு இராது. இதனை உணர்ந்த வெஸ்ரிங்ஹவுஸ் 1872ஆம் ஆண்டிலே முறையைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சேமிப்புத் தாங்கி வைத்தார். நெடுங்குழாயிலே அமுக்கம் நிறைந்திருக்கும்வரை தடுப்பு விலகி நிற்கும். அமுக்கம் குறைந்தால், தாங்கியிலுள்ள காற்று உருளைக்குட் புகுந்து வண்டியை நிறுத்தும். ஆகவே குழாய் அறுந்தால் வண்டி தானாகவே நிற்கும்.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதை அயர்லாந்து கண்ணீருடன் கற்றது. 1889ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் திகதி, ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பாடசாலைச் சிறுவர்களையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு உல்லாசப் பயணப் புகையிரதமொன்று புறப்பட்டது. ஏற்றத்தில் எந்திரம் இழுக்க மாட்டாது நின்றது. வண்டியை இரு கூறாக்கி முற்கூறை முதலிலே கொண்டுசெல்லத் துணிந்தனர். அவ்வண்டியில் இருந்தது வெற்றிடத்தினால் இயங்கும் தடுப்பு. ஆனால் தானியங்கும் வகையினது அன்று. இணைப்பைக் கழற்றியதும் பிற்கூறின் பெட்டிகள் யாவும் தடுப்பை இழந்தன. காவலர் பெட்டியின் கைத்தடுப்பும் சில்லுகளின் கீழ் இட்ட கற்களுமே எஞ்சின. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, தொடர்ந்து வந்த புகையிரதத்துடன் மோதின. மாண்டோர் 80 பேர். அவர்களுட் பலர் பிள்ளைகள். அவ்வாண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் பயணிகள் வண்டிகளுக்குத் தானியங்கும் தடுப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றிற்று.

பிரித்தானியாவும் அதன் ஆட்சியிலிருந்த நாடுகள் பலவும் தானியங்கும் வெற்றிடத் தடுப்பையே விரும்பின. இலங்கைப் புகையிரதங்களிலும் இதுவே வழக்குக்கு வந்தது. 45 அடிக்கு ஓர் அடி உயரும் கடுகண்ணாவை ஏற்றத்தையும், 6,000 அடிக்கு மேலே பட்டிப்பொலை வரை ஏறி இறங்கும் மலைநாட்டுப் பாதையையும் கொண்ட இந்நாட்டிலே தடுப்பின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. வெற்றிடத் தடுப்பின் உருளையிலே முசலத்தின் இரு புறத்தும் காற்று அகற்றப்பட்டிருக்கும். கீழ்ப்புறத்திலே காற்றை விட்டால் முசலம் மேலெழுந்து தடுப்பை இழுக்கும். முசலத்துக்கும் சுவருக்கும் இடையே ஓர் இறப்பர் வளையம் உரசாது உருண்டு செல்லும். அவ்வளையம் வெடித்தாலோ தேய்ந்தாலோ, காற்று மெல்ல மேலறைக்குட் புகுந்துவிடும். பற்றிய தடுப்பு தானே தளரும்.

இங்கேதான் தானியங்கும் தடுப்பின் எல்லை தெரிகின்றது. நெடுங்குழாய் அறுந்தால் அது வண்டியைக் காக்கும். உருளையினுள்ளே தோலோ வளையமோ கசிந்தால் அதனாற் காக்க முடியாது. குழாயின் கசிவு தடுப்பைப் பூட்டும். உருளையின் கசிவு பூட்டிய தடுப்பைத் திறந்துவிடும். முன்னையதற்கு வெஸ்ரிங்ஹவுசின் அறிவு பரிகாரம் கண்டது. பின்னையதற்குப் பரிகாரம், குறித்த காலத்திலே உருளையைக் கழற்றிப் பார்க்கும் தொழிலாளியின் கையிலேயே தங்கிவிட்டது.

அத்தொழில் எவ்வாறு நடைபெறும் என்பதையும் அறிதல் தகும். முதலிலே காற்றை முற்றாக வெளியேற்றி, அமுக்கமானி சுழியத்துக்கு வந்ததை உறுதிசெய்ய வேண்டும். தடுப்புருளையினுள்ளே முசலத்தைத் திருப்பித் தள்ளும் வலிய சுருள்வில்லொன்று அடைபட்டிருக்கும். அவதானமின்றி மூடியைக் கழற்றுபவரை அது கொன்றுவிடவுங் கூடும். முசலத்தை வெளியே எடுத்தபின் பழைய கொழுப்பைச் சுரண்டி, மண்ணெண்ணெயினாற் கழுவி, விளக்கைப் பிடித்து உட்சுவரைச் சோதிப்பர். அமுக்கிய காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகி அடியிலே தேங்கும். அங்கே துருக்குழிகள் தோன்றும். படுத்த நிலையிலுள்ள உருளையிலே முசலத்தின் பாரம் தாங்கும் கீழ்ப்புறமே மிகுதியாகத் தேயும். நீளவாக்கில் விழுந்த கீறல் காற்றுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போலாகும். சிறு கீறல்களைத் தேய்கல்லினால் மெருகிடலாம். ஆழமானவையாயின், உருளையைப் பெரிதாகக் குடைந்து அதற்கேற்ற முசலத்தை இடவேண்டும். அன்றேல் உள்ளே புதிய உறையொன்றைச் செருகவேண்டும். தேய்ந்த சுவரிலே புதிய தோலைப் பூட்டுவது பயன்தராது. சில நாளிலே அத்தோலும் கிழிந்துபோகும்.

புதிய தோலை எண்ணெயூட்டி மென்மையாக்கி, அதன் விளிம்பு எங்கும் மடியாதபடி உள்ளே நுழைப்பர். பின்னர் காற்றை நிரப்பி, பொருத்துகளிலே சவர்க்கார நீரைத் தடவி, குமிழி எழுகின்றதா எனப் பார்ப்பர். அமுக்கமானியின் முள்ளை நேரங்குறித்து நோக்குவர். அமெரிக்கப் புகையிரதங்களின் நெடுங்குழாய்ச் சோதனையிலே நிமிடத்துக்குச் சதுர அங்குலத்தில் 5 இறாத்தலுக்கு மேல் அமுக்கம் குறையலாகாது என்பது விதியாயிற்று. அந்நாட்டிலே துடைத்து, எண்ணெயிட்டு, சோதித்த பின்னர், திகதியையும் இடத்தையும் பெட்டியின் தடுப்புக் கருவியிலே வர்ணத்தால் எழுதும் வழக்கமும் இருந்தது. எவ்வூருக்கு அவ்வண்டி சென்றாலும், அதனை இறுதியாகக் கவனித்த பட்டறை எது, நாள் எது என்பதை எவரும் வாசிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டிலே தோலின் இடத்தை இறப்பர் பிடித்தது. அம்மாற்றத்திலே பெரும் பங்கு பெற்றவர் 1865இலே டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்ரென்சன். மில்வோக்கி நகரிலே மின்சார வண்டிகளுக்குக் காற்றுத் தடுப்புகளை ஆக்கியவர் அவர். முதுமையிலே, எழுபது வயதைக் கடந்த பின்னர், ஆய்ந்து கண்ட வட்ட வளைய அடைப்புக்கு 1937ஆம் ஆண்டிலே விண்ணப்பித்து, 1939ஆம் ஆண்டிலே உரிமைப் பத்திரம் பெற்றார். பள்ளமொன்றிலே ஓர் இறப்பர் வளையம் அமர்ந்திருக்கும்; வேறொன்றும் இல்லை. ஆனால் அப்பள்ளத்தின் அகலம் வளையத்தின் தடிப்பிலும் சற்றே கூடியதாக இருக்க வேண்டும் என்பதைக் கண்டதே அவர் திறமை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே அமெரிக்க அரசாங்கம் அவ்வுரிமையைப் பெற்று உற்பத்தியாளர்களுக்குப் பொதுவாக்கியது. இன்று தொழிற்சாலைகளிலுள்ள காற்றுருளைகளிலே இவ்வளையத்தைக் காணாதிருப்பது அரிது.

பொருள் மாறினாலும் கசிவு மறையவில்லை. 2013ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆம் திகதி இரவு, கனடாவின் கியூபெக் மாகாணத்திலே, நாந்த் என்னும் ஊரின் சரிவான பாதையிலே 72 எண்ணெய்த் தாங்கிப் பெட்டிகளைக் கொண்ட புகையிரதமொன்று நிறுத்தப்பட்டது. ஏழு கைத்தடுப்புகள் பூட்டப்பட்டன, அவை போதுமானவையல்ல. எஞ்சிய சுமையைத் தாங்கியவை எந்திர வண்டிகளின் காற்றுத் தடுப்புகள். முன்னெந்திரம் இயங்கிக்கொண்டே இருந்து அவற்றுக்குக் காற்றை ஊட்டிற்று. நள்ளிரவுக்குச் சற்று முன் அவ்வெந்திரத்திலே தீப்பற்றியது. தீயை அணைத்தோர் எந்திரத்தையும் நிறுத்தினர், காற்றூட்டல் நின்றது. உருளைகளிலிருந்து காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. நெடுங்குழாயின் அமுக்கமும் மிக மெதுவாகவே குறைந்தமையால், பெட்டிகளின் தானியங்கும் தடுப்பு விழித்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின் வண்டி தானே உருளத் தொடங்கியது. மணிக்கு ஏறக்குறைய 65 மைல் வேகத்திலே லக் மெகாந்திக் என்னும் சிறுநகரின் நடுவே தடம்புரண்டு தீப்பற்றியது. 47 பேர் உயிரிழந்தனர்.

எந்திரத்திலே தீப்பற்றியது ஏன்? விசாரணைச் சபை அதனையும் ஆராய்ந்தது. எட்டு மாதங்களுக்கு முன்னர் அவ்வெந்திரம் பழுதுற்றபோது, முறையான திருத்தத்துக்குப் பணமும் காலமும் மிகுதியாகும் எனக் கருதி, போதிய வலிமையற்ற பசை போன்றதொரு பொருளினால் திருத்தி, அதனை வேலைக்கு அனுப்பியிருந்தனர். அத்திருத்தம் உடைந்து, எண்ணெய் கசிந்து, அதனாலே தீ மூண்டது. சபை இவ்விபத்துக்கு 18 காரணங்களை எடுத்துக்காட்டிற்று. ஒருவரைச் சுட்டிக் குற்றஞ் சாட்டி முடித்துவிடத்தக்க நிகழ்ச்சியன்று அது. குறைவான கைத்தடுப்பு, அவசரத் திருத்தம், மெல்லிய கசிவு என ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியதாகத் தோன்றின. சேர்ந்தபோது ஓர் ஊரின் நடுப்பகுதியை அழித்தன.

கெரிக்கின் மரப் பீப்பாய் கசிந்தபோது இரைச்சல் எழுந்தது. அவர் அதனைக் கேட்டுத் தம் முறையை மாற்றினார். பெரும்பாலான கசிவுகள் அவ்வாறு கூவி அழைப்பதில்லை. அவற்றைத் தேடிச் செல்ல வேண்டும்; சவர்க்கார நீருடனும், விளக்குடனும், குறித்த நாளிலே, கேட்பார் எவருமில்லாத போதும் செல்ல வேண்டும். இரத்மலானையிலே உள்ள புகையிரதத் தொழிற்சாலையிலாயினும், உலகின் வேறெந்தப் பட்டறையிலாயினும், எண்ணெய்க் கையுடன் உருளையொன்றைத் துடைத்துப் பூட்டுபவர், தாம் ஒருபோதும் காணாத பயணிகளின் உயிர்களுக்குப் பொறுப்பேற்கின்றார். அவர் மாற்றும் தோலின் விலை அற்பம். அதனை மாற்றாது விட்டதன் விலையை ஆர்மாவின் குழந்தைகளையும் லக் மெகாந்திக்கின் மக்களையும் இழந்தோர் போன்றவர்களே செலுத்த நேரிடும். காற்றைக் கட்டிய கலையைக் கண்டுபிடித்தோரை நினைவுகூர்வது போலவே, அதனைக் கட்டியபடியே காத்துநிற்போரையும் நாம் நினைவுகூர்தல் கடனாகும்.